கட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் புடவை

அன்புள்ள அம்மா,

மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 33. கணவர் தனியார் வேலையில் இருக்கிறார். நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். கேட்பவர்களுக்கு இது ஒரு விஷயமா என்று தோன்றலாம். எனக்கு இதனால் தூக்கம் கெடுகிறது.

என் நாத்தனார், கணவரின் அக்கா, திருவிடைமருதூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். குத்தகை நிலத்தில் விவசாயம். இரண்டு பெண் பிள்ளைகள். அண்ணி நல்ல மனுஷி. என் பிரசவத்தின்போது வந்து தங்கி, பத்தியச் சமையலில் இருந்து குழந்தையைக் குளிப்பாட்டுவது வரை எல்லாம் அவர்தான் பார்த்தார். அதனால்தான் இவ்வளவு நாளும் வாயைத் திறக்க முடியவில்லை.

கொஞ்ச காலமாக, விசேஷம் என்றால் என் போனில் ஆன்லைனில் புடவை ஆர்டர் போடச் சொல்கிறார். அவர் ஊருக்கு டெலிவரி சரியாக வராது என்று காரணம். புடவை வந்ததும் டேக்கைப் பிய்க்காமல் உள்பக்கம் மடித்து ஊக்கு குத்திக் கட்டிக்கொள்வார். விசேஷம் முடிந்தால் நிழலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டு, வந்த கவரிலேயே வைத்து என்னிடம் தந்துவிடுவார். திருப்பி அனுப்புவது என் பொறுப்பு. ஏன் திருப்புகிறீர்கள் என்று கேட்கும் இடத்தில் ‘படத்தில் உள்ளது போல் இல்லை’ என்று நான்தான் அழுத்துகிறேன். புடவை அச்சு அசலாகப் படத்தில் இருந்த மாதிரியேதான் இருக்கும். எடுத்துப்போக வரும் பையன் எங்கள் ஊர்க்காரன், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன். அவன் கவரைப் பிரித்து டேக்கைப் பார்க்கும்போது அடுப்பில் ஏதோ இருப்பது போல உள்ளே போய்விடுவேன்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக மயிலாடுதுறையில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டு எடுத்தார். கட்டிய இரண்டாம் நாளே, “பொண்ணுக்குக் கலர் பிடிக்கலை” என்று திருப்பிக் கொண்டுபோனார், என்னையும் கூட்டிக்கொண்டு. அங்கே சேல்ஸில் இருப்பவள் என்னோடு பள்ளியில் படித்தவள். பணமாகத் திருப்பித் தர மாட்டோம் என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். என் முகத்துக்காக அவள் கல்லாவில் பேசிப் பணமாகவே வாங்கித் தந்தாள். புடவையை அவள் விரித்தபோது தோளில் வரும் இடத்தில் ஊக்கு குத்திய இரண்டு ஓட்டைகளை நான் பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள்.

பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, “அந்தப் புடவையை முதலாளி கண்டுபிடிச்சுட்டார்டி. எதுக்கு வாங்கி வச்சேன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார்” என்றாள். கோபப்படக்கூட இல்லை. உடனே பேச்சை மாற்றி, என் பையன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டாள்.

இப்போது தை மாதம் அண்ணியின் ஓரகத்தி மகளுக்குக் கல்யாணம். “அதே கடைக்குப் போகலாம், உன் ஃபிரெண்டு இருக்கா, கொடுக்கிறதுக்குச் சுலபம்” என்கிறார். கணவரிடம் சொன்னேன். “அவ்வளவு பெரிய கடைக்கு ஒரு புடவையில என்ன குறைஞ்சிடும்? அவனே ஒண்ணுக்கு ரெண்டா விலை வைக்கிறான். அக்கா எனக்காகப் படிப்பை விட்டவ. ஒரு புடவைக்காக உறவை முறிச்சுக்காதே” என்கிறார்.

நான்தான் தேவையில்லாமல் மனதைப் போட்டு அலட்டிக்கொள்கிறேனா? அண்ணி முகம் வாடாமல் இதை எப்படி நிறுத்துவது?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மயிலாடுதுறை மாவட்டம்

*

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அலட்டிக்கொள்ளவில்லை. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது நல்ல மனசாட்சி. அதை மருந்து போட்டு அடக்க வேண்டியதில்லை.

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதில் தப்பு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் பயத்தில் நாளைக்கு ஒரு கிழிசல் புடவையைக்கூடக் கொடுக்கத் தயங்குவீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பில்லில் போட்டிருக்கும் கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், கடைக்காரர் எடுத்துக்கொண்டு பணத்தைத் தர வேண்டும். சொன்னது ஒன்று, அனுப்பியது ஒன்று என்றால் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதிகளும் சொல்கின்றன. மேலே வைத்துப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று கொடுப்பதும், கடை அதற்கு ஒத்துக்கொண்டால், நியாயம்தான்.

உங்கள் அண்ணியின் கதை வேறு. புடவை எடுக்கும்போதே அதைத் திருப்பிக் கொடுக்கும் நாளும் முடிவாகிவிடுகிறது. நடப்பது இரவல். ஆனால் கொடுத்தவருக்குத் தெரியாமல் வாங்கும் இரவல். நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இரவல் வாங்குவதை யாரும் கேவலமாக நினைத்ததில்லை. அக்காவின் பட்டைத் தங்கை கட்டிக்கொள்வாள், பெண் பார்க்க வரும் நாளில் பக்கத்து வீட்டு அட்டிகை வந்து சேரும். அதில் கொடுத்தவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு கறை பட்டால் போய்ச் சொல்லலாம், அவளும் திட்டிவிட்டு மறந்துவிடுவாள். இங்கே நீங்கள் யாரிடமும் சொல்ல முடியாது. சொல்ல முடியாததால்தான் அடுப்படிக்குள் போய் ஒளிகிறீர்கள்.

யாருக்கு என்ன குறைந்துவிடும் என்று உங்கள் கணவர் கேட்கிறார். நல்ல கேள்வி, அதற்குப் பதில் உண்டு. அண்ணியின் ஊரை ஒட்டித்தான் திருபுவனம் இருக்கிறது. அங்கே நெய்யும் பட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெய்து முடித்ததை விசிறி மடிப்பாக மடித்துத்தான் விற்பனைக்கு வைப்பார்கள். கொசுவம் வைத்து ஒருமுறை கட்டிவிட்டால் அந்தத் தடம் இஸ்திரியில் முழுசாகப் போகாது. வியர்வையும் சென்ட்டும் பட்ட சரிகை நாளாக நாளாகக் கறுக்கும். தையல் வேலை பார்க்கும் உங்களுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் புடவை கடைசியில் என்ன ஆகும்? கண்டுபிடித்தால் விலை குறைத்துத் தள்ளுவார்கள், ஏன் வாங்கி வைத்தாய் என்று உங்கள் தோழி பேச்சு வாங்குவாள். கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் மோசம். யாரோ ஒரு பெண் அதைப் புதுசு என்று நம்பி, முழு விலை கொடுத்து, முனையில் மஞ்சள் தடவி நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிக்கொள்வாள்.

ஆன்லைனிலும் இதே கதைதான். பெரிய கம்பெனியின் பெயர்தான் கண்ணில் படுகிறது, ஆனால் பல தளங்களில் உண்மையாக விற்கிறவர் எங்கோ ஒரு சின்ன வியாபாரி. ‘படத்தில் உள்ளது போல் இல்லை’ என்று நீங்கள் அழுத்தும் அந்த ஒரு வரி அவர் தலையில்தான் விழும். அவர் சரியான பொருளைத்தான் அனுப்பினார். நடந்ததிலேயே எனக்கு மிகவும் உறுத்தியது அதுதான், ஏனென்றால் அது உங்கள் பெயரில் போகும் பொய்.

அதற்காக உங்கள் அண்ணி கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. 1957-ல் கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா என்ற இரண்டு அமெரிக்க சமூகவியலாளர்கள் தப்பு வழியில் போகும் இளைஞர்களைப் பற்றி எழுதினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் நல்லது கெட்டது தெரிந்தே இருக்கிறது, ஆனால் செய்வதற்கு முன்பே மனம் சில சமாதானங்களைத் தயார் செய்து தடையைத் தளர்த்திவிடுகிறது என்றார்கள். யாருக்கும் நஷ்டமில்லை என்பது ஒன்று. எதிராளி மட்டும் யோக்கியமா என்பது ஒன்று. என் சொந்தத்துக்காகத்தானே செய்கிறேன் என்பது ஒன்று. உங்கள் கணவர் சொன்னதைத் திரும்பப் படித்துப் பாருங்கள், மூன்றும் அதே வரிசையில் இருக்கின்றன! பெரும்பாலான மனிதர்கள் இப்படித்தான். அண்ணிக்கும் மனசாட்சி இருக்கிறது. இல்லாவிட்டால் டேக்கை மடித்து மறைக்க மாட்டார், “பொண்ணுக்குப் பிடிக்கலை” என்று காரணம் தேடவும் மாட்டார்.

அவரை இதில் தள்ளுவது எது என்றும் பார்க்க வேண்டும். குத்தகை விவசாயக் குடும்பத்தில் காசு கைக்கு வருவது அறுவடைக்குப் பிறகுதான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, குறுவை போட்டு, அது வீடு வந்து சேர ஐப்பசி ஆகிவிடும். சம்பா அறுவடை தையிலும் மாசியிலும். அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துக் காவல் காத்து, எடை போட்டு, பணம் கணக்கில் ஏற வேண்டும். முகூர்த்தங்கள் அதற்காகக் காத்திருக்குமா? ஆவணிக் கல்யாணத்தின்போது குறுவை வயலில் நிற்கும். தைக் கல்யாணத்தின்போது சம்பா வயலில் நிற்கும். கையில் காசு இல்லாத மாதத்தில்தான் பந்தியில் உட்கார்ந்திருக்கும் யாரோ, “போன கல்யாணத்துல கட்டினதுதானே இது?” என்று கேட்கிறார்கள். வயதுக்கு வந்த இரண்டு பெண்களை வைத்திருக்கும் தாய்க்கு அந்தக் கேள்வி தைக்கும். நாளைக்கு வரன் பேசப்போகும் சொந்தங்கள் எல்லாம் அந்தப் பந்தலில்தான் இருக்கிறார்கள். அதுவும் இது ஓரகத்தி வீட்டுக் கல்யாணம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே நாலு பேர் வருவார்கள். இந்தப் பயத்தைப் புரிந்துகொண்டு பேசினால்தான் உங்கள் பேச்சு எடுபடும். நியாயத்தை மட்டும் எடுத்து நீட்டினால் அவமானமாகத்தான் போய் விழும்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. அக்காவுக்கு அவர் பட்டிருக்கும் கடன் உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கடனை இப்போது அடைத்துக்கொண்டிருப்பது ஜவுளிக்கடையில் நாள் பூராவும் நின்று சம்பளம் வாங்கும் ஒரு பெண். தம்பி அடைக்க வேண்டியதைத் தம்பியே அடைக்கட்டும். தைக் கல்யாணத்துக்கு அக்காவுக்கு உங்களால் முடிந்த விலையில் ஒரு புடவை எடுத்துக் கொடுங்கள். பட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தம்பி வீட்டில் எடுத்துக் கொடுத்த புடவை என்று பந்தலில் சொல்லிக்கொள்வது நம் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் கௌரவம்தான். அதுவும் முடியாது என்றால் உங்கள் கல்யாணப் பட்டைக் கொடுங்கள், கூடவே புதுசாக ஒரு ரவிக்கையை உங்கள் கையால் தைத்துக் கொடுங்கள். ரவிக்கை மாறினால் புடவையே வேறாகத் தெரியும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா! அடுத்த வருஷத்துக்கு என்றால், மாதாமாதம் கொஞ்சம் கட்டிப் புடவை எடுக்கும் சேமிப்புத் திட்டம் கோ-ஆப்டெக்ஸில் இருக்கிறது. அண்ணியை இப்போதே சேர்த்துவிடுங்கள்.

அண்ணியிடம் எப்படிச் சொல்வது? கடைக்குக் கிளம்பும் நேரத்தில் சொல்லாதீர்கள், அவருடைய பெண்கள் பக்கத்தில் இருக்கும்போதும் வேண்டாம். நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் ஒரு மத்தியானத்தில் சொல்லுங்கள். “நீங்க பண்றது தப்பு” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “அண்ணி, போன தடவை கொடுத்த புடவையால என் ஃபிரெண்டு எல்லார் முன்னாடியும் பேச்சு வாங்கிட்டா. எனக்கு மனசே ஆறலை. இனிமே என் போன்லயும் வேண்டாம், அந்தக் கடையிலயும் வேண்டாம். தைக் கல்யாணத்துக்கு என்ன பண்ணலாம்னு நாம ரெண்டு பேரும் யோசிப்போம்” என்று சொல்லிப் பாருங்கள். நடந்தது அவருக்குத் தெரியாமல்கூட இருக்கலாம், நீங்கள் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. உதவியையும் மறுப்பையும் ஒரே மூச்சில் சொல்வது முக்கியம். அவர், “நான் என்ன திருடியா?” என்று கேட்டால், “அப்படி நினைச்சிருந்தா உங்ககிட்ட இதைச் சொல்லியே இருக்க மாட்டேன் அண்ணி” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வாதம் வேண்டாம். அவர் வேறு யார் போனிலாவது இதைத் தொடர்ந்தால், அதைத் தடுக்கிற வேலை உங்களுடையது ஆகாது. உங்கள் கையால் இனி நடக்காது, அவ்வளவுதான் உங்கள் வசம் இருப்பது.

அப்புறம் உங்கள் தோழி. அவளைத் தனியாகப் போய்ப் பாருங்கள். அந்தப் புடவை என்ன விலைக்குப் போனது, அவள் சம்பளத்தில் ஏதாவது பிடித்தார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். பிடித்திருந்தால் அந்தத் தொகையை நீங்களும் உங்கள் கணவரும் கொடுத்துவிடுங்கள், தவணையாக என்றாலும் பரவாயில்லை. அவள் வேண்டாம் என்பாள். இரண்டாவது தடவையும் கேளுங்கள்.

அண்ணி சில நாள் பேசாமல் இருப்பார், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். போன் எடுக்கவில்லை என்று நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பொங்கல் வருகிறது. ஒவ்வொரு வருஷமும் செய்வது போலவே, பானையும் கரும்பும் மஞ்சள் கொத்துமாக, குறையில்லாமல் சீர் எடுத்துக்கொண்டு நீங்களும் கணவருமாகப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.