ஆட்டக்காரரா, கோச்சா? கேட்ட தம்பிக்கு

இந்தியானாவில் எம்.எஸ். சேர்ந்து இரண்டு மாதமான தம்பி ஒருவர் கேட்கிறார்: "அண்ணா, இங்கே எல்லாரும் காலேஜ் பாஸ்கெட்பால் பற்றியே பேசுகிறார்கள். ஒரு டீம் நூறு புள்ளி எடுக்கிறது, இன்னொன்று அறுபதைத் தாண்டவே திணறுகிறது. இது ஆட்டக்காரர் திறமையா, கோச்சின் முறையா? ரூம்மேட்டுகள் மொத்த ஸ்கோர் மேல் பணம் கட்டுகிறார்கள், நானும் கட்டலாமா? குளிருக்கு எந்த ஜாக்கெட் நல்லது?"

ஜாக்கெட்டைக் கடையில் போட்டுப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பணம் மட்டும் கட்டாதீர்கள். என்னோடு தங்கியிருந்த ஒருவர் ஒரே மாதத்தில் வாடகைக் காசைத் தொலைத்தார். நாங்கள் நாலு பேரும் பங்கு போட்டுக் கொடுத்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் 1989 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் வந்து இறங்கினேன். பேச்சுத்துணை கிடையாது. லேபில் எல்லாரும் லயோலா மேரிமவுண்ட் என்ற சின்னக் கல்லூரியின் டீமைப் பற்றியே பேசினார்கள். கோச் பால் வெஸ்ட்ஹெட். பந்து கைக்கு வந்த ஏழு விநாடிக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும், எதிரணியையும் ஓடவிட வேண்டும் என்பது அவர் முறை. அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 122.4 புள்ளி! அந்த டீமின் முக்கிய ஆட்டக்காரர்கள் ஹேங்க் கேதர்ஸ், போ கிம்பிள் இருவரும் அதே ஊரின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து மாறி வந்தவர்கள். அங்கே அவர்கள் இப்படிக் குவிக்கவில்லை.

இரண்டு டீமும் பந்தை மாறி மாறித்தான் வைத்திருக்கும். ஒருவர் அவசரமாக எறிந்தால் மற்றவருக்கும் அத்தனை வாய்ப்பு கூடும். அதனால் எத்தனை புள்ளி என்று கேட்கும் முன், பந்து எத்தனை முறை கை மாறியது என்று பாருங்கள். அயோவாவின் கிரினெல் கல்லூரியில் ஜாக் டெய்லர் 2012-இல் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்தார்; கூடையை நோக்கி எறிந்தது 108 தடவை. அப்படி எறியவிட்டது அந்தக் கோச்சின் முறை. பழைய கல்லூரி ஆட்டக்காரர் பீட் மாராவிச் ஆட்டத்துக்குச் சராசரி 44.2 புள்ளி எடுத்ததைச் சொல்லி மடக்குவார்கள். மாமேதைதான், தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் த்ரீ பாயிண்ட் கோடே இல்லாத காலம். ஆனால் கோச் அவருடைய அப்பா. இஷ்டம்போல் எறிய விட்டார்.

எண்ணிக்கையை ஏற்றுவது முறை, ஜெயிக்க வைப்பது திறமை. இது என் தீர்மானம்.

முப்பது வருடமாக இங்கே இருந்தும் ஊர் மனை விலையை மட்டுமே பேசும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பக்கத்து வீட்டுக்காரர் எதற்குச் சந்தோஷப்படுகிறார் என்றுகூடத் தெரியாது. நான் ஒரே சீசனில் கற்றுக்கொண்டேன். லேபில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

1990 மார்ச் 4 அன்று கேதர்ஸ் ஆடுகளத்திலேயே சரிந்து விழுந்து இறந்துபோனார். வயது 23. இரண்டு வாரத்துக்குள் அவர் இல்லாத அதே டீம், முந்தைய வருடச் சாம்பியன் மிச்சிகனை 149-115 என்று அடித்தது. பிறகு இவர்களோடு மோதிய லாஸ் வேகாஸ் பல்கலைக்கழக டீமும் வேகமாக ஓடியது, அதில் ஆள்பலமும் இருந்தது. 131-101 என்று இவர்களைத் தோற்கடித்தது.

எதிரணி தவறு செய்தால் யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியக் கிடைக்கும் வாய்ப்புதான் ஃப்ரீ த்ரோ. கேதர்ஸ் அதை இடக்கையால் எறியப் பழகியிருந்தார். அவர் போன பிறகு வந்த முதல் ஆட்டத்தில், வலக்கைக்காரரான கிம்பிள் தன் முதல் ஃப்ரீ த்ரோவை இடக்கையால் எறிந்தார். துணி துவைக்கும் கடையின் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து உள்ளே போனது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும்தான்.