'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டால் போதுமா?

கேள்வி: நண்பர்கள் நால்வர் காலாண்டுச் சிற்றிதழ் நடத்துகிறோம், 300 பிரதி. அட்டையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போடுகிறோம். பதிவு இல்லாவிட்டால் வழக்கு வரும், 15,000 ரூபாய் கொடுத்தால் டிக்ளரேஷன், ஐஎஸ்எஸ்என், தபால் சலுகை மூன்றையும் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் கையெழுத்துப் போடும் டிக்ளரேஷன், அதாவது உறுதிமொழி, 1867-ஆம் ஆண்டுப் பத்திரிகை, புத்தகப் பதிவுச் சட்டத்தோடு போயிற்று. 2024 மார்ச் 1 முதல் இதழ்கள் பதிவுக்குப் புதிய சட்டம். ஐஎஸ்எஸ்என்னோ டெல்லி மையம் இலவசமாகத் தரும் நூலக அடையாள எண். அதைப் பின்னட்டையில் போட்டுவிட்டுப் 'பதிவு பெற்ற இதழ்' என்று சொல்லிக்கொள்வது வெறும் பந்தா.

'தனிச்சுற்று' என்ற வரிக்குச் சட்டத்தில் எந்த விலக்கும் கிடையாது. குறித்த இடைவெளியில் அச்சாகிறதா, பொதுச் செய்தியோ அதன்மேல் கருத்தோ இருக்கிறதா என்பதுதான் கணக்கு. கதை, கவிதை மட்டும் என்றால் வரையறைக்குள் வராது என்று வாதாடலாம். தலையங்கத்தில் தேர்தலைத் தொட்டீர்களோ, வாதம் ஆட்டம் கண்டுவிடும். புத்தகத்துக்குப் பதிவு வேண்டாம் என்பதால் சிலர் ஒவ்வோர் இதழையும் தனி ஐஎஸ்பிஎன்னோடு (நூலுக்கான அடையாள எண்) தொகுப்பு நூலாக்குகிறார்கள். செய்யலாம். ஆனால் 'இதழ் 14, ஜூலை–செப்டம்பர்' என்று அட்டையில் போட்டு, ஆண்டுச் சந்தாவும் வாங்கிவிட்டுப் புத்தகம் என்றால் யார் நம்புவார்? தலைப்பும் தொகுப்பாசிரியர் பெயரும் விலையும் நூலுக்குரியதாகவே இருக்கட்டும். இந்த எல்லையை அரசு தெளிவாக எழுதியிருந்தால் தரகருக்குப் பிழைப்பே இருந்திருக்காது.

அரசியலும் எழுதுவோம் என்றால் பதிந்துவிடுங்கள். பதியாமல் நடத்தினால் அபராதம் 5 லட்சம் வரை போகலாம். இதழ்ப் பதிவுக்கான அரசின் பிரஸ் சேவா இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். முன்னுரிமைப்படி ஐந்து தலைப்புகள் கொடுக்கலாம். தமிழில் இந்தியா முழுவதும், பிற மொழிகளில் தமிழ்நாட்டுக்குள், ஏற்கெனவே உள்ள தலைப்பைப் போல இருக்கக்கூடாது. ஒற்றைச் சொல் பெயர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இரண்டு சொல்லாக வையுங்கள். அச்சகமும் அதே தளத்தில் தன் விவரத்தைத் தெரிவித்திருக்க வேண்டும். தெருமுனை டிஜிட்டல் பிரின்ட் கடை அதைச் செய்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். உங்கள் விண்ணப்பத்தின் மேல் மாவட்ட அதிகாரி கருத்துச் சொல்ல 60 நாள் அவகாசம்.

தபால் சலுகை? 31 நாளுக்குள் அடுத்த இதழ் வருபவற்றுக்குத்தான். காலாண்டிதழுக்கு அந்தத் தரகர் எப்படி வாங்கித் தருவாராம்?