வாசிக்காமல் கையொப்பமிட்ட சத்தியக்கடதாசி

கேள்வி: நான் கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். அயலவரின் காணி வழக்குக்காக, அவருடைய குடும்பம் 1996 முதல் அந்த வளவைத் தடையின்றி ஆண்டு வருவதாகக் கூறும் சத்தியக்கடதாசியில், சமாதான நீதவான் முன்னிலையில், வாசித்துப் பாராமலே கையொப்பமிட்டேன். அவர்கள் 2012இல்தான் அங்கு குடிவந்தார்கள் என்பதை நான் அறிவேன். கனடாவிலுள்ள உரித்தாளர்கள் இப்போது ஆட்சேபித்துள்ளனர். எனக்கு என்ன நடக்கும்?

பதில்: கற்பூரம் அணைத்துச் செய்வதுதான் சத்தியம், இது வெறும் கடதாசி என்ற எண்ணம் நம்மவரிடையே இன்னும் உண்டு. இந்து சமயத்தவர் சத்தியஞ் செய்வதற்குப் பதிலாக உறுதியுரைக்கலாம் என்று சட்டம் இடமளிக்கிறதே தவிர, அந்த உறுதியுரையின் பாரத்தைச் சற்றும் குறைக்கவில்லை.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 188ஆம் பிரிவின்படி, உண்மை சொல்லச் சட்டத்தால் கட்டுப்பட்ட ஒருவர், பொய்யென்று தாம் அறிந்த அல்லது நம்புகின்ற, அல்லது உண்மையென்று தாம் நம்பாத ஒன்றைக் கூறினால், அது பொய்ச்சாட்சியமாகும். நீதிமன்ற நடவடிக்கையொன்றில் வேண்டுமென்றே அவ்வாறு செய்பவருக்கு 190ஆம் பிரிவு ஏழாண்டு வரையான சிறைத்தண்டனையையும் தண்டப்பணத்தையும் விதிக்கிறது. ஏனைய சந்தர்ப்பங்களில் எல்லை மூன்றாண்டு.

ஆகவே உங்கள் விடயத்தில் எல்லாம் உங்கள் அறிவையும் நோக்கத்தையும் பொறுத்தது. 1996 என்று எழுதியிருந்தது உங்களுக்கு உண்மையாகவே தெரியாதிருந்தால், வேண்டுமென்றே பொய் சொன்னீர்கள் என்று நிறுவுவது இலகுவல்ல. எனினும் வாசித்து விளங்கிக்கொண்டதாக அக்கடதாசியின் அடியில் ஒரு வாசகம் இருக்குமாயின், ஆசிரியராக இருந்த ஒருவர் அதைப் பார்க்கவில்லை என்பதை நீதிபதி எளிதில் நம்புவார் என எதிர்பார்க்க முடியாது. எழுத்தறிவில்லாதவருக்கும் கண்பார்வையற்றவருக்கும் கடதாசியை வாசித்து விளங்கப்படுத்த வேண்டும் என்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை கூறும் பாதுகாப்பு உங்களுக்குப் பொருந்தாது.

என் கணிப்பில், போட்ட கையொப்பத்தைவிட இனி நீங்கள் செய்யப்போவதே பெரிய ஆபத்து. எதிர்த்தரப்பு உங்களைக் குறுக்கு விசாரணைக்கு அழைக்கும்படி கோரலாம். அப்போது கூண்டில் நின்று 1996 என்றே சாதித்தால், தெரியாமல் நடந்தது என்று சொல்லும் வழி அத்துடன் அடைபட்டுவிடும்.

எனவே அயலவரின் சட்டத்தரணியிடமன்றி, வேறொரு சட்டத்தரணியிடம் செல்லுங்கள். வசதி குறைவெனில் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தை நாடலாம். பிழையை நீதிமன்றத்துக்கு எவ்வாறு, எப்போது அறிவிப்பது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். திருத்துவதால் குற்றம் தானாக அழிந்துவிடாது, ஆனால் உங்கள் நோக்கத்தை அளவிடும்போது அது கட்டாயம் கவனிக்கப்படும். நீங்களே தட்டச்சுக் கடையில் முரணான இரண்டாவது கடதாசியொன்றைத் தயாரித்துவிட வேண்டாம். இரண்டும் உங்களுக்கு எதிராகவே வாசிக்கப்படும்.

அயலவரும் தப்பமாட்டார். பொய்யென்று தெரிந்தே ஒருவரைக் கொண்டு சாட்சியம் சொல்விப்பதும், அதைப் பயன்படுத்துவதும் குற்றங்களே. இதில் வேடிக்கை என்னவென்றால், நீண்டகாலம் ஆண்டதால் காணிக்கு உரித்துக் கோரும் ஆட்சியுரிமைக்குச் சட்டம் கேட்பது உரித்தாளருக்கு எதிரான பத்தாண்டுத் தடையற்ற ஆட்சியைத்தான். வழக்குத் தொடுத்த திகதியையும், உரித்தாளர்கள் வெளிநாட்டில் இருந்த காலத்தையும் பொறுத்து, 2012 என்ற உண்மையான ஆண்டே அவருக்குப் போதுமாக இருந்திருக்கக்கூடும். இப்போதோ, ஆண்டு பொய்யென வெளிப்பட்டால், அவருடைய மற்றச் சாட்சிகளையும் நீதிமன்றம் சந்தேகத்துடனேயே பார்க்கும்.

சட்டத்தரணியிடம் செல்லும்போது கடதாசியின் பிரதியையும், கையொப்பமிட்ட நாளில் அங்கிருந்தோரின் விபரத்தையும், அவர்கள் 2012இல் வந்ததைக் காட்டும் வாக்காளர் இடாப்பு போன்ற ஆவணம் ஏதும் கிடைத்தால் அதையும் கொண்டு செல்லுங்கள்.