ஒரே ஒரு கோப்பைதானே?

அன்புள்ள சார்,

இத்தாலிய டென்னிஸ் பற்றி நீங்கள் போன வாரம் எழுதியதில் ஜாஸ்மின் பாவ்லினிக்கு நான்கு வரி, பிரான்செஸ்கா ஸ்கியாவோனேவுக்கு ஒரு பக்கம். அப்படி என்ன சாதித்துவிட்டார்? பதினெட்டு, இருபது வருடம் ஆடி ஒரே ஒரு கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று), 2010-இல் பாரிஸில் பிரெஞ்சு ஓபன். அதிலும் அரையிறுதியில் எதிராளி பாதியிலேயே விலகினார், செரீனா, ஹெனின் யாரும் இறுதிப்போட்டியில் இல்லை. அதிர்ஷ்டக் காற்று ஒருமுறை அடித்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தவறாக நினைக்க வேண்டாம்.

கி.

அன்புள்ள கி.,

தவறாக நினைக்க எதுவும் இல்லை. 2010 ஜூனில் என் நண்பர்களும் இதைத்தான் சொன்னார்கள்.

முதலில் அந்த அதிர்ஷ்டக் கணக்கைப் பார்த்துவிடுவோம். அரையிறுதி எதிராளி டெமென்டியேவா காலில் அடிபட்டு விலகினார், உண்மை. ஆனால் முதல் செட்டை டைபிரேக்கரில் (6-6 ஆனதும் செட்டை முடிக்க ஆடுவது) தோற்ற பிறகு விலகினார். அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஸ்கியாவோனே வோஸ்னியாக்கியை 6-2, 6-3 என்று அடித்திருந்தார், அங்கே யாருக்கும் காலில் அடிபடவில்லை. சரி, செரீனாவும் ஹெனினும் எங்கே போனார்கள்? இரண்டு பேரையும் வெளியே அனுப்பியவர் சமந்தா ஸ்டோசூர். அந்த ஸ்டோசூரைத்தான் இவர் இறுதிப்போட்டியில் எதிர்கொண்டார். முந்தைய வருடம் இதே பாரிஸில் முதல் சுற்றிலேயே இவரை வீட்டுக்கு அனுப்பியவரும் அதே ஸ்டோசூர்தான்.

இறுதிப்போட்டி 6-4, 7-6. இரண்டாவது செட்டில் 1-4 என்று பின்தங்கியிருந்தார். அந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் 'சரி, மூன்றாவது செட்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்று மூச்சு வாங்குவார்கள். இவர் உள்ளே ஏறி வர ஆரம்பித்தார். ஒற்றைக் கை பேக்ஹேண்டில் பந்தைச் சுழற்றி ஸ்டோசூரின் பேக்ஹேண்ட் பக்கம் தோளுயரத்துக்கு எழுப்புவது, அடுத்த பந்தையே தாழ்வாக ஸ்லைஸ் செய்வது, அது திரும்பி வருவதற்குள் நெட்டுக்கு ஓடி வந்து நிற்பது. களிமண் தளத்தில் பெண்கள் இறுதிப்போட்டியில் இப்படி ஒருவர் நெட்டுக்கு வந்து ஆடியதை நான் அதிகம் பார்த்ததில்லை. டைபிரேக்கர் 7-2. அப்புறம் அந்தச் செம்மண்ணில் விழுந்து முத்தம் கொடுத்தது உங்களுக்கே நினைவிருக்கும். இத்தாலியப் பெண் ஒருவர் வென்ற முதல் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் பட்டம் அது. அப்போது வயது 29, முப்பதுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. ஸ்கியாவோனே தன் முதல் எட்டு ஒற்றையர் இறுதிப்போட்டிகளையும் தோற்றவர். எட்டையும்! முதல் பட்டம் 2007-இல், ஆஸ்திரியாவில் பாட் காஸ்டைன் என்ற சின்ன மலை ஊரில் கிடைத்தது. அதற்கு முந்தைய வருடமே, நாடுகளின் பெண்கள் அணிகள் மோதும் ஃபெட் கோப்பையை இத்தாலி முதல்முறை வென்ற அணியில் இருந்தார். தனக்கென்று ஒரு பட்டம் இல்லாதவர் நாட்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகவே இருக்கும்.

இன்னொன்று சொன்னால் நீங்கள் சண்டைக்கு வருவீர்கள். அவருடைய மிகப் பெரிய ஆட்டம் பாரிஸில் நடந்ததே இல்லை என்பது என் கட்சி. 2011 ஜனவரி 23, மெல்போர்ன், ஆஸ்திரேலிய ஓபன், நான்காவது சுற்று, எதிரே ரஷ்யாவின் குஸ்நெட்சோவா. 6-4, 1-6, 16-14. நான்கு மணி 44 நிமிடம். கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் பெண்கள் ஆடியதிலேயே நீண்ட ஆட்டம் அது. இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற மேட்ச் பாயின்ட் நிலையிலிருந்து ஆறு முறை தப்பினார். இங்கே ஞாயிற்றுக்கிழமை, நான் மீன் வாங்கிக்கொண்டு வந்து, குழம்பு கொதித்து இறங்கிய பிறகும் இரண்டு பேரும் மூன்றாவது செட்டில்தான் இருந்தார்கள். இப்போதெல்லாம் கடைசி செட் 6-6 ஆனால் பத்துப் புள்ளி டைபிரேக்கர் வைத்து முடித்துவிடுகிறார்கள், அதனால் இந்தச் சாதனை இனி உடையுமா என்பதே சந்தேகம். (இதற்கு முன் அந்தச் சாதனை இருந்த ஆட்டத்தில் தோற்றவர் ரெஜினா குலிக்கோவா. 2010 பாரிஸில் ஸ்கியாவோனேவின் முதல் சுற்று எதிராளியும் அவரேதான், முதல் செட்டைப் பறித்து நன்றாகவே பயமுறுத்தினார்.)

அந்த மெல்போர்ன் வெற்றிக்குக் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலேயே வோஸ்னியாக்கியிடம் முதல் செட்டை வென்று, மற்ற இரண்டையும் இழந்து வெளியேறினார். ஆனால் தொடர் முடிந்ததும் உலகத் தரவரிசையில் நான்காம் இடம். அதுவரை எந்த இத்தாலியப் பெண்ணும் அவ்வளவு மேலே போனதில்லை.

காற்று ஒருமுறைதான் அடித்தது என்றால் அதே 2011-இல் பாரிஸில் மறுபடி இறுதிப்போட்டிக்கு எப்படி வந்தார்? அதுவும் காலிறுதியில் பாவ்லியுசென்கோவாவிடம் 1-6, 1-4 என்று கிடந்த நிலையிலிருந்து. இறுதியில் லி நா வென்றார், அது நியாயமான தோல்வி. பிறகு சரிவுதான், மறைக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் 2015-இல், 34 வயதில், பாரிஸில் அதே குஸ்நெட்சோவாவை மூன்று மணி ஐம்பது நிமிடம் ஆடி, கடைசி செட்டை 10-8 என்று எடுத்தார். 2017-இல் பொகோட்டாவில் எட்டாவது, கடைசிப் பட்டம். 2018 செப்டம்பரில் நியூயார்க்கில் ஓய்வை அறிவித்தார். 2019 கடைசியில்தான் தெரிந்தது, இடையில் புற்றுநோயோடு போராடி மீண்டிருக்கிறார் என்று.

பாவ்லினிக்கு நான்கு வரி எழுதியது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். 2024-இல் அவர் பாரிஸ், விம்பிள்டன் இரண்டிலும் இறுதிக்கு வந்ததைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதற்குள் நீங்கள் அந்த மெல்போர்ன் ஆட்டத்தின் மூன்றாவது செட்டைத் தேடிப் பாருங்கள். முழுசாக வேண்டாம், 8-8-இலிருந்து போதும். பார்த்துவிட்டு எழுதுங்கள், அப்போது சண்டை போடலாம்.