ஊர்த் திருவிழா கேள்வி பதில்: கூத்துக்கு ஏன் கூட்டம் நிக்க மாட்டேங்குது?

திருவிழா சீசன்ங்கிறதால இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஊர் நிகழ்ச்சிகள பத்திதான். அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இதுக்கு மட்டும் பதில் சொல்றேன்.

எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில்ல வருஷா வருஷம் மகாபாரதக் கதைய விடிய விடிய ஆடுற பாரதக்கூத்து நடக்கும். இப்ப விடியற வரைக்கும் இருபது பேர் கூட உக்கார மாட்டேங்குறாங்க. பசங்க எல்லாம் கூத்த நிறுத்திட்டு ஆடல் பாடல் வைங்கன்னு சண்டைக்கு வராங்க, பெரியவங்க விட மாட்டேன்றாங்க. விழாக் கமிட்டில நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். என்ன செய்யறது?
(வாசகர், வந்தவாசி பக்கம்)

முதல்ல ஒண்ணு கேக்குறேன், உங்க ஊர்ல பகல்ல பாரதப் பிரசங்கம் இன்னும் நடக்குதா, அதுக்கு எத்தன பேர் போறாங்க? ஏன் கேக்குறேன்னா பாரத விழாவோட அமைப்பே அதுதான், மதியம் பிரசங்கியார் வில்லிபாரதத்த, அதான் வில்லிபுத்தூரார் தமிழ்ல பாடின மகாபாரதத்த, பாடி அர்த்தம் சொல்லுவாரு, ராத்திரி அதே கதைய கூத்துக்காரங்க ஆடிக் காட்டுவாங்க, மதியம் கதை கேட்டவனுக்கு ராத்திரி பாட்டுல ஒரு வரி புரியலன்னாலும் என்ன நடக்குதுன்னு தெரியும். இப்ப மதியம் எல்லாரும் வேலைக்கோ காலேஜுக்கோ போயிடுறாங்க, பிரசங்கம் கேக்க நாலு பாட்டிங்கதான் இருக்காங்க, அப்புறம் ராத்திரி வந்து உக்காந்தா அந்த ராகம் இழுத்த பாட்டும் விருத்தமும் பசங்களுக்கு எப்படி புரியும்? கூத்து பிடிக்காம எந்திரிச்சு போறாங்கன்னு நாம நினைக்கிறோம், நான் பேசிப் பாத்த பசங்கள்ல நிறைய பேர் புரியாமதான் எந்திரிச்சு போயிருக்காங்க.

அதனால பிரசங்கியார்கிட்ட பேசி, மதியம் அவர் சொல்றத சொல்லட்டும், அதோட ராத்திரி திரை கட்டுறதுக்கு முன்னாடி ஒரு பத்து நிமிஷம் பேச்சுத் தமிழ்ல இன்னிக்கு என்ன கதை, யார் யாருக்கு என்ன உறவு, எந்த எடத்துல சண்ட வரும்னு மைக்ல சொல்ல சொல்லுங்க. வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்ட, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர்னு எந்த நாள் எதுன்னு ஊர் வாட்ஸ்அப் குரூப்ல முன்னாடியே போட்டுடுங்க, வெறும் "இரவு 10 மணிக்கு தெருக்கூத்து"ன்னு நோட்டீஸ்ல போட்டா யாருக்கு ஆசை வரும்?

ரெண்டாவது, கட்டியங்காரன், அதான் கூத்துல வர்ற கோமாளி. கூத்துல ஊர்க்கார ஆள் மாதிரி பேசுறது அவன் ஒருத்தன்தான், ராஜாவையே கேள்வி கேப்பான், கதைய நிறுத்திட்டு ஊர் நியாயம் பேசுவான். ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கட்டியங்காரன் வேஷம் கட்டுறவர்கிட்ட போய் உக்காந்து உங்க ஊர் சேதியெல்லாம் சொல்லுங்க, பஸ் வராதது, ஏரி தூர் வாராதது, கபடி டீம் ஜெயிச்சதுன்னு. நல்ல கட்டியங்காரனா இருந்தா அத்தனையும் கௌரவர் சபைக்குள்ள கொண்டு வந்துடுவாரு, அப்ப பாருங்க கடைசி வரிசைல போன் பாத்துட்டு இருக்கிறவன் தலைய தூக்குவான்.

மூணாவதுதான் ரொம்ப முக்கியம்னு நான் நம்புறது. பசங்களுக்கு வேலை குடுங்க. வசூல் பண்ணவும் சேர் போடவும் மட்டும் அவங்கள கூப்பிட்டா அவங்களுக்கு கூத்துல என்ன பங்கு இருக்கு? அர்ச்சுனன் தபசுக்கு ஏறுற தபசு மரம் நடுறதுக்கு, கடைசிப் போர ஆடிக் காட்டுற படுகளத்துக்கு துரியோதனன் உருவம் செய்ய மண்ணு அடிக்கிறதுக்கு, அந்த உருவத்துக்கு வண்ணம் போடுறதுக்கெல்லாம் பதினெட்டு இருபது வயசு ஆளுங்க வேணும். தன் கையால மண்ணு குழைச்சு செஞ்ச துரியோதனன் தொடைய பீமன் உடைக்கிறத எவனும் பாக்காம இருக்க மாட்டான். படுகளம் பகல்லயே நடக்கிறதால தூக்கம்னு சாக்கு சொல்லவும் முடியாது. திரௌபதி கூந்தல் முடிக்கிற அந்த நேரத்துல, கதை தெரியாத சின்னப் பிள்ளைங்க கூட சத்தமில்லாம நிக்கிறத நான் பல ஊர்ல பாத்திருக்கேன்.

ஆடல் பாடல் வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், வயசுப் பசங்களுக்கு ஆட ஆசை இருக்கும்தானே, அதுக்கு தனியா ஒரு நாள் குடுங்க. ஆனா கூத்து நடக்கிற ராத்திரியே பக்கத்துல அதையும் போட்டீங்கன்னா ஸ்பீக்கர் சத்தத்துல கூத்துக்கு ஊதுற முகவீணை செத்துடும், அத மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க. ஆடல் பாடலுக்கு போலீஸ் பர்மிஷன் வாங்கணும், ஆபாசமா ஆடக் கூடாது, ஜாதிய தூக்கிப் பேசுற பாட்டு கூடாதுன்னு மதுரை ஹைகோர்ட் பெஞ்ச் பல தடவ கண்டிஷன் போட்டிருக்கு, அதையும் கமிட்டில எல்லாருக்கும் படிச்சு காட்டிடுங்க.

ராத்திரி பத்து மணிக்கு மேல மைக் போடக் கூடாதுன்னு நிறுத்த சொல்றாங்க. கூத்தோ விடிய விடிய. இதுக்கு என்ன வழி?
(வாசகி, திண்டிவனம்)

2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணியில இருந்து காலைல 6 மணி வரைக்கும் பொது இடத்துல ஒலிபெருக்கி கூடாது, திறந்த வெளில வாத்தியத்துக்கும் அதே தடைதான். திருவிழா மாதிரி நாட்களுக்கு மாநில அரசு நினைச்சா 12 மணி வரைக்கும் விலக்கு குடுக்கலாம், அதுவும் வருஷத்துல 15 நாளுக்கு மேல கிடையாது. ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்ட சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்க இன்னும் கண்டிப்பு. அதனால ஸ்டேஷன்ல நாள் வாரியா எழுதி முன்கூட்டியே மனு குடுங்க, கடைசி நாள் போய் நிக்காதீங்க. பாட்டு அதிகமா இருக்கிற பகுதிய சாயந்திரம் 7 மணிக்கே ஆரம்பிக்க சொல்லிக் கேளுங்க, நிறைய ஜமாக்காரங்க, அதான் கூத்துக் குழுக்காரங்க, ஒத்துக்கிறாங்க. அதுக்கப்புறம் மைக் இல்லாமலே ஆட விடுவாங்களான்னு ஸ்டேஷன்லயே கேட்டுக்கோங்க. மைக் வர்றதுக்கு முன்னாடி மத்தளமும் முகவீணையும் தொண்டையும் வெச்சுத்தான் ஊரு பூரா கேக்க வெச்சாங்க, ஜனங்க கூத்து ஆடுற களரிய சுத்தி நெருங்கி உக்காந்தா போதும். எனக்கு என்னமோ அப்படி பாக்குறதுதான் ரொம்ப பிடிக்கும், வேஷக்காரர் சலங்கை சத்தம் தனியா கேக்கும்.

என் பொண்ணு எட்டாவது படிக்கிறா, கோயில் கொடை விழால வில்லுப்பாட்டு பாத்துட்டு கத்துக்கணும்னு அடம் பிடிக்கிறா. பொட்டப் பிள்ளைக்கு அது எதுக்குன்னு வீட்ல சொல்றாங்க.
(வாசகி, நாங்குநேரி பக்கம்)

சேத்து விடுங்கம்மா, யோசிக்கவே வேணாம். கன்னியாகுமரி மாவட்டத்துல பூங்கனி அம்மா சின்ன வயசுலயே வில்லடிக்க வந்தவங்க, எத்தனையோ கொடைல சாமி கதை பாடினவங்க, 2018ல காலமானாங்க. வில்லிசை பாடின சுப்பு ஆறுமுகம் ஐயா 2022ல மறைஞ்சாரு, அவரு மக பாரதி திருமகன் இன்னிக்கும் மேடைல வில்லிசை பாடுறாங்க. வீட்ல இந்த பேரெல்லாம் சொல்லுங்க. முதல்ல வில்ல அடிக்கிற வீசுகோல் கைக்கு வராது, குடம், உடுக்கு, ஜால்ரால தாளம் பழகணும், பின்பாட்டு பாடணும், அப்புறம்தான் நடுவுல உக்காந்து கதை சொல்ற எடம். சுடலைமாடன் கதையும் முத்தாரம்மன் கதையும் மனப்பாடமா சொல்ற பிள்ளைக்கு ஸ்கூல் பாடம் ஒரு பாரமா இருக்காதுன்னு நான் நம்புறேன்.

எனக்கு வயசு 52. ஊர்ல வள்ளி முருகன் கதைய பாடி ஆடுற வள்ளி கும்மி கிளாஸ் ஆரம்பிச்சிருக்காங்க. இந்த வயசுல போய் ஆடினா நல்லாவா இருக்கும்?
(வாசகி, கோபிசெட்டிபாளையம்)

நல்லாவே இருக்கும். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024ல பத்மஸ்ரீ வாங்கின பத்ரப்பன் ஐயாவுக்கு அப்பவே 80 வயசுக்கு மேல, ஆம்பளைங்க மட்டும் ஆடிட்டு இருந்த ஆட்டத்த பொம்பளைங்களுக்கும் கத்துக் குடுத்தவரு அவரு. முட்டி வலி இருந்தா மட்டும் குதிக்கிற அடவுகள வாத்தியார்கிட்ட சொல்லி குறைச்சுக்கோங்க.

முதல் தடவையா எங்க தெருவுல கூத்து வைக்கிறோம். கலைஞர்களுக்கு என்னென்ன ஏற்பாடு செஞ்சு குடுக்கணும்?
(வாசகர், ஆரணி)

இத கேட்டதுக்கே உங்கள கும்பிடணும், ஏன்னா யாரும் கேக்கிறதில்ல. அச்சாரம் குடுக்கும்போதே மொத்த தொகைய பேசி ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, ஆட்டம் முடிஞ்ச காலைல பாக்கிய கைல குடுத்துடுங்க, வசூல் வரலன்னு அலைய விடாதீங்க. அரிதாரம் பூசுறத அவங்கவங்களே செஞ்சுக்குவாங்க, கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம்னு கட்டி முடிக்க மணிக்கணக்காகும், அதுக்கு வெளிச்சமும் ஃபேனும் உள்ள ஒரு ரூம் வேணும், ஸ்கூல் வராண்டால ஒரு மூலை போதாது. குழுவுல பெண்கள் இருந்தா தனி ரூமும் பாத்ரூமும் கண்டிப்பா. ராத்திரி சாப்பாட்ட ஆட்டத்துக்கு நல்லா முன்னாடியே குடுங்க, நடுவுல டீ வந்துட்டே இருக்கணும், விடிஞ்சதும் குளிக்க வெந்நீரும் படுக்க எடமும். ஒரு குழுவ நான் பாத்தேன், ராத்திரி முழுக்க ஆடிட்டு காலைல பஸ் ஸ்டாண்ட் திண்ணைல அரிதாரம் கூட கலைக்காம தூங்கிட்டு இருந்தாங்க, அந்த ஊர் பேர சொல்ல எனக்கு மனசு வரல. குழுவுல யாராவது நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல பதியாம இருந்தா, கலை பண்பாட்டுத் துறை ஆபீஸுக்கு மனு எழுத ஊர்ல படிச்ச பசங்க உதவி பண்ணுங்க.

சென்னைலயே பொறந்து வளந்தவன். ஒரு தடவையாவது முழு ராத்திரி கூத்து பாக்கணும். எப்ப, எங்க வரணும்?
(வாசகர், சென்னை)

பங்குனில இருந்து ஆடி வரைக்கும் செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம், செஞ்சி பக்கம் ஏதாவது ஒரு ஊர்ல நடந்துட்டே இருக்கும், பஸ்ல போகும்போது சுவத்துல ஒட்டின "மகாபாரத அக்னி வசந்த விழா" போஸ்டர பாருங்க, தேதி எல்லாம் அதுலயே இருக்கும். செய்யாறு பக்கத்துல புரிசைன்னு ஒரு கிராமம், அங்க கண்ணப்ப தம்பிரானோட குடும்பம் தலைமுறையா கூத்து ஆடுது, அவரு மகன் கண்ணப்ப சம்பந்தன் 2025ல பத்மஸ்ரீ வாங்கினாரு. முதல் தடவைன்னா கர்ண மோட்சம் பாருங்க. சாவு வீட்டுக் காரியத்துக்கும் அந்த பக்கத்துல அதைத்தான் வைப்பாங்க, பொண்டாட்டி பொன்னுருவிகிட்ட கர்ணன் விடை கேக்கிற எடத்துல பெரிய பெரிய ஆளுங்க கண்ண துடைச்சுக்குவாங்க. ஒரு பாயும் போர்வையும் எடுத்துட்டு வாங்க, சேர்ல உக்காராம தரைல, மத்தளக்காரர் பக்கமா முன் வரிசைல எடம் பிடிங்க. தூக்கம் வந்தா அங்கயே படுத்துக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, சண்ட வரும்போது பக்கத்துல இருக்கிற பாட்டி எழுப்பி விடுவாங்க.