கேளுங்கள் சொல்கிறோம்: தண்டவாளம் போட்ட பிறகு முளைத்த ஊர்கள்

கனடா வரைபடத்தில் சஸ்காச்சுவான் பக்கம் ரயில் பாதையில் ஊர்கள் பாசிமணி கோத்த மாதிரி இருக்கின்றனவே, எப்படி?
வாசகி, தக்கலை

நம் மாவட்டத்தில் ஊர் முந்தி, ரயில் பிந்தி. குளச்சலும் தக்கலையும் பழைய ஊர்கள். திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி பாதை திறந்ததோ 1979-ல்தான். இன்றும் நீங்கள் ரயிலேற இரணியலுக்குத்தானே போகிறீர்கள்!

பிரெய்ரி புல்வெளியில் தலைகீழ். அது ஆளில்லாத நிலமும் அல்ல. கிரீ, பிளாக்ஃபுட் மக்கள் வாழ்ந்த மண். கனடிய பசிபிக் ரயில்வேக்கு அரசு 2.5 கோடி ஏக்கர் நிலமும் 2.5 கோடி டாலரும் கொடுத்தது. பாதை 1885 நவம்பர் 7-ல் முடிந்தது. நிலையம் எங்கே என்று முடிவெடுத்ததும் கம்பெனி, மனை விற்றதும் கம்பெனி. 1881-ல் கிராண்ட் வேலி என்ற இடத்தில் நிலக்காரர் விலையை இரட்டிப்பாகக் கேட்டார். ரயில்வே பேரம் பேசவில்லை. ஆற்றைத் தாண்டி மேற்கே போய் பிராண்டன் நகரை மனை போட்டது. கிராண்ட் வேலி அப்படியே அடங்கிவிட்டது.

இடைவெளியைத் தீர்மானித்தது குதிரை. கோதுமை ஏற்றிய வண்டி நிலையம் போய், இறக்கி, அன்று இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால் 10 முதல் 16 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம்.

நிலையத்துக்குப் பக்கத்தில் நின்ற உயரமான மரக்கட்டடம் என்ன?
வாசகர், வில்லுக்குறி

தானியக் களஞ்சியம். வண்டியைச் சுமையோடு எடை மேடையில் நிறுத்துவார்கள். பிறகு கோதுமையைத் தரைக்குக் கீழுள்ள குழியில் கொட்டி, காலி வண்டியை மறுபடி நிறுப்பார்கள். வித்தியாசம்தான் விவசாயியின் கணக்கு. வாளிகள் கோத்த வார்ப்பட்டை தானியத்தை உச்சிக்கு அள்ளிப்போகும். அங்கிருந்து குழாயைத் திருப்பி, தரம் பிரித்துத் தனித்தனி அறைகளில் விடுவார்கள். வேகன் வந்ததும் தானியம் தன் எடையிலேயே சரிந்து இறங்கும்.

ஒரு புஷல் கோதுமை 27.2 கிலோ. 30,000 புஷல் கொள்ளும் கட்டடத்தில் சுமார் 800 டன். அந்தக் கனம் சுவரை வெளியே தள்ளும். அதனால் பலகைகளைச் செங்கல் அடுக்குவதுபோலப் படுக்கைவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஆணியடித்தார்கள். தானியத் தூசியில் பொறி பட்டால் எல்லாம் போச்சு. வார்ப்பட்டையை ஓட்டும் எஞ்சினைத் தள்ளித் தனிக் கொட்டகையில் வைத்தது அதற்காகத்தான்.

ஊர்ப் பெயர்களை அகரவரிசையில் வைத்தார்களாமே?
வாசகர், குழித்துறை

உண்மைதான். கிராண்ட் டிரங்க் பசிபிக் என்ற இன்னொரு ரயில்வே கம்பெனியின் பாதையில் ஆங்கில எழுத்து வரிசைப்படி ஃபென்வுட், குட்ஈவ், ஹப்பர்ட், இட்டுனா, ஜாஸ்மின் என்று வரும். வாட்ரஸ் (W), ஸீனா (X), யங் (Y), ஸெல்மா (Z) என்று முடியும்.

அந்த ஊர்கள் இன்று ஏன் தேய்கின்றன? பள்ளியாடி போன்ற நம் சின்ன நிலையங்களுக்கும் அந்தக் கதி வருமா?
வாசகர், கருங்கல்

லாரி வந்ததும் குதிரைக் கணக்கு செல்லாமல் போனது. 1897 ஒப்பந்தத்தில் தொடங்கிய தானியத்துக்கான மலிவு ரயில் கட்டணம் 1995-ல் ஒழிந்ததும் கிளைப் பாதைகளைப் பெயர்ப்பது இன்னும் வேகமெடுத்தது. களஞ்சியம் போனால் கடை, தபால் நிலையம், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாகப் போகும். வேறு வருமானம் கிடையாது. பள்ளியாடியில் ரயில் நிற்காவிட்டால் பயணிகளுக்குச் சிரமம், ஊருக்கு ஆபத்தில்லை. ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் அங்கே ரோட்டில்தான் சந்தைக்குப் போகின்றன.