பொட்டிக்கும் பெட்டிக்கடையும்

கேள்வி: மயிலாப்பூரில் வழி தவறி ஒரு சந்துக்குள் போனபோது அருமையான சின்ன 'பொட்டிக்' ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒரே ஓர் அறை, எல்லாமே கைத்தறிச் சேலைகள். தி.நகர் மாளிகைகளுக்கு நடுவே இப்படிப்பட்ட கடைகள் தாக்குப்பிடிக்குமா? (வாசகி ஒருவர், நங்கநல்லூர்)

பதில்: தாக்குப்பிடிப்பது அப்புறம். முதலில் அந்தப் 'பொட்டிக்'. எனக்கு ரொம்பப் பிடித்த சொல் அது. இப்போது அதைப் பெயர்ப்பலகையில் எழுதினாலே ஏ.சி.யும் வாசனை மெழுகுவர்த்தியும் கூடுதல் விலையும் பின்னாலேயே வந்துவிடுகின்றன. ஆனால் நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதே சென்னை மாகாணத்திலும் இலங்கையிலும் வெள்ளைக்காரர்கள் எதைப் பொட்டிக் என்றார்கள் தெரியுமா? நம் ஊர்ச் சின்னக் கடையை! இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் புழங்கிய சொற்களுக்கென்றே 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அப்படித்தான் இருக்கிறது, போர்த்துக்கீசியர் வழியாக வந்த சொல் என்ற விளக்கத்தோடு. இலங்கை ஆங்கிலத்தில் 'டீ பொட்டிக்' என்றால் தேத்தண்ணிக் கடைதான், வாசலில் வாழைக்குலை தொங்குமே, அந்தக் கடை.

இன்னும் தோண்டினால் கிரேக்கத்தில் 'அபொதேகே' என்று நிற்கும், சரக்குக் கிடங்கு என்று பொருள். அந்த ஒரே வேரிலிருந்து ஜெர்மன்காரருக்கு மருந்துக்கடை முளைத்தது, ஸ்பானியருக்கு ஒயின் கிடங்கு முளைத்தது, பிரெஞ்சுக்காரருக்கு நீங்கள் பார்த்த பொட்டிக். போர்த்துக்கீசியரிடம் நாம் சாவி வாங்கினோம், ஜன்னல் வாங்கினோம், அலமாரியும் மேசையும் வாங்கினோம், கடையை மட்டும் வாங்கவில்லை. நம்மிடம் பெட்டிக்கடை இருந்தது, சென்னை வாய்க்கு அது பொட்டிக்கடை. இரண்டு சொல்லுக்கும் உறவு கிடையாது, காதுக்குத்தான் ஒன்றுபோல் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் கண்டுபிடித்தது நல்ல பொட்டிக்கடை என்றுதான் நான் சொல்வேன், அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது. பொட்டிக்கடைக்காரருக்கு எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும், நாலு மாடிக் கடையில் அது யாருக்குமே தெரியாது.

அடுத்து, 'எல்லாமே கைத்தறி' என்கிறீர்கள். இது என் பழைய சண்டை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்பதைப் பற்றி முன்பு இதே பக்கத்தில் எழுதியபோது ஒரு கடைக்காரர் போனில் அரை மணி நேரம் திட்டினார், நான் ஒரு வார்த்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. குறிப்பிட்ட சில சேலை, வேட்டி வகைகளை விசைத்தறியில் நெய்யவே கூடாது என்று 1985இல் சட்டம் போட்டார்கள். 22 பொருளாக ஆரம்பித்த அந்தப் பட்டியல் 11 ஆகச் சுருங்கிவிட்டது. 2006இல், இது கைத்தறியில் நெய்ததுதான் என்று காட்டும் அரசின் கைத்தறி முத்திரை வந்தது, அதையாவது பாருங்கள். கரையோரத்தில் ஊசித்துளை இருந்தால் கைத்தறி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், விசைத்தறியிலும் துணியை இழுத்துப் பிடிக்க முள் உண்டு, துளை விழும்.

கடைக்காரரிடமே கேளுங்கள்: எந்த ஊர்த் தறி, நெய்தது யார், எத்தனை நாள் ஆயிற்று? காஞ்சிபுரம் கோர்வைச் சேலை என்றால் உடலுக்கும் இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா (ஊடு நூலைச் சுமந்து குறுக்கே ஓடுமே, அந்தக் கட்டை), ஆக மூன்று நாடா ஓட வேண்டும், நெய்பவருக்குப் பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். அப்படி ஆள் கிடைப்பது வரவர அபூர்வமாகிவிட்டது. இதையெல்லாம் தெரிந்தவர் சேலையை மடிக்கிற விதமே வேறாக இருக்கும். அவரிடம் போய் 'கொஞ்சம் குறைச்சுக்கோங்க' என்று கேட்கிற வழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மாளிகைக் கடையில் வாய் திறக்காமல் அட்டையைத் தேய்த்துவிட்டு வருகிறோம், ஒற்றை அறைக்காரரிடம் மட்டும் இருநூறு ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். அந்த இருநூறு தறிக்காரர் கூலியிலிருந்துதான் போகும்.

தாக்குப்பிடிக்குமா என்றீர்கள். வாடகை ஏறாமல் இருந்து, தீபாவளிக்கு மட்டும் என்றில்லாமல் நீங்கள் ஆடி மாதத்திலும் அந்தச் சந்துக்குள் போனால் பிடிக்கும். சரி, இவ்வளவு எழுதியவர் சந்தின் பெயரை எழுதவில்லையே? அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுதுங்கள், வீட்டில் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.